தசையிலுள்ள மைட்டோகாண்ட்ரியா பழுதானதால்தான் இனிப்பு நீர் வருகிறதா?

செந்தூல் கதிர் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கோலாலம்பூர், செந்தூலில் வசிக்கிறேன்; வயது 36. இரட்டைக் கோபுரத்துக்கு அருகிலுள்ள ஓர் அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் வேலை. காலை எட்டரை மணிக்கு நாற்காலியில் அமர்ந்தால் மதிய உணவுக்குத்தான் எழுந்திருப்பேன். சென்ற மாதம் அலுவலகத்தில் ஏற்பாடு செய்திருந்த இரத்தப் பரிசோதனையில் வெறும் வயிற்றுச் சர்க்கரை 5.8 மில்லிமோல் என்றும், மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி 5.9 சதவீதம் என்றும் வந்தது. உடல் நிறைக் குறியீடு 22.6 என்பதால் என்னைப் பருமன் என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் இடுப்புச் சுற்றளவு 92 சென்டிமீட்டர். அம்மாவுக்குப் பதினேழு ஆண்டுகளாக இனிப்பு நீர், அதாவது நீரிழிவு, இருக்கிறது, தாய்மாமாவுக்கும் இருந்தது. அப்பாவுக்கு இல்லை.

இதைக் கேள்விப்பட்ட என் அத்தை மகன் ஒருவர் வீட்டுக்கு வந்தார். அவர் நேரடி விற்பனையில் சத்து மாத்திரைகள் விற்பவர். தசைகளில் இருக்கும் மைட்டோகாண்ட்ரியா (செல்லுக்குள் ஆற்றலை உண்டாக்கும் நுண்ணிய உறுப்பு) செயலிழப்பதால்தான் நீரிழிவு வருகிறது என்றும், மைட்டோகாண்ட்ரியா தாயிடமிருந்து மட்டுமே பிள்ளைக்கு வருவதால் அம்மாவின் பழுது அப்படியே எனக்கு இறங்கிவிட்டது என்றும், அதைப் புதுப்பிக்கும் மாத்திரை மாதம் 280 ரிங்கிட்டுக்குத் தம்மிடம் கிடைக்கும் என்றும் கூறினார். பெட்டியில் என்ன இருக்கிறது என்று பார்த்தேன். அதிக அளவு வைட்டமின் சி, வைட்டமின் இ, கூடவே வேறு சில பொருள்கள். அவர் கெட்ட எண்ணத்துடன் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் கூடத்தில் அமர்ந்து இதைக் கேட்டுக்கொண்டிருந்த அம்மா அன்றிரவு சாப்பிடவில்லை. மறுநாள் காலையில், "நான்தான் உனக்கு இதைக் கொடுத்துவிட்டேனா?" என்று கேட்டார்.

மாத்திரையை விட அந்தக் கேள்விதான் என்னை இங்கே எழுத வைத்தது. தேடிப் பார்த்ததில் நீரிழிவு உள்ளவர்களின் பிள்ளைகளிடம் மைட்டோகாண்ட்ரியாவின் செயல்பாடு குறைந்திருந்ததாக 2004-இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வந்திருப்பது உண்மை என்று தெரிகிறது. ஆகவே அத்தை மகன் சொன்னதை முழுப் பொய் என்று ஒதுக்கவும் என்னால் முடியவில்லை. மைட்டோகாண்ட்ரியா காரணமா, விளைவா என்பதையும், தாய்வழி மரபு பற்றிய பேச்சில் எவ்வளவு உண்மை என்பதையும், என் நிலையில் உள்ளவர் உண்மையில் எதைச் செய்ய வேண்டும் என்பதையும் விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.


தண்ணீர்மலைக்காரர் எழுதியது:

வணக்கம் கதிர். பினாங்கில் நீண்ட காலம் உயிர்வேதியியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான், மருத்துவன் அல்லன். எனவே மருந்து பற்றிய முடிவுகளை உங்கள் மருத்துவரிடமே விடுங்கள். இந்தத் தசை விவகாரத்தை மட்டும் சற்று விரிவாக எழுதுகிறேன்.

நீரிழிவு என்றதும் கணையத்தைப் பற்றியே பேசிப் பழகிவிட்டோம். ஆனால் இரத்தத்தில் இன்சுலினை உயர்த்தி, குளுக்கோஸ் எங்கே போகிறது என்று ஆய்வுக்கூடத்தில் அளந்து பார்த்தால், அதில் ஏறத்தாழ 80 சதவீதம் எலும்புத்தசைக்குத்தான் போகிறது. தசை மறுத்தால் சர்க்கரைக்குப் போக்கிடம் குறைகிறது. தசை எப்படி மறுக்கிறது என்பதை எங்கள் ஊர்ப் படகுத்துறையை வைத்து மாணவர்களுக்குச் சொல்வேன். குளுக்கோஸைத் தசைச் செல்லுக்குள் ஏற்றிச் செல்வது குளுட் 4 என்னும் கடத்திப் புரதம். அது எப்போதும் செல்லின் விளிம்பில் இருப்பதில்லை. உள்ளே சிறு பைகளில் படகுகளைப் போல ஒதுங்கி நிற்கிறது. இன்சுலின் வந்து செல்லின் வெளிப்புறத்திலுள்ள ஏற்பியைத் தொட்டதும் உள்ளே ஒரு தொடர்ச் செய்தி ஓடி, படகுகள் விளிம்புக்கு வருகின்றன. இன்சுலின் எதிர்ப்பு உள்ளவரிடம் இன்சுலின் இருக்கிறது, ஏற்பியும் இருக்கிறது, படகும் இருக்கிறது. இடையில் ஓடும் செய்திதான் தடைபடுகிறது.

அந்தச் செய்தியைத் தடுப்பது எது என்ற தேடலில்தான் மைட்டோகாண்ட்ரியா வந்து சேர்ந்தது. 1963-இல் பிரிட்டனைச் சேர்ந்த பிலிப் ராண்டில், தசை கொழுப்பை எரிக்கும்போது குளுக்கோஸை எரிப்பதைக் குறைத்துக்கொள்கிறது என்று காட்டினார். பின்னர் யேல் பல்கலைக்கழகத்தில் ஜெரால்டு ஷுல்மன் குழுவினர், தசைச் செல்லுக்குள் தேங்கும் கொழுப்பின் சில இடைப்பொருள்கள், குறிப்பாக டைஅசைல்கிளிசரால், இன்சுலினின் செய்தித் தொடரையே குலைக்கின்றன என்ற விளக்கத்தை முன்வைத்தனர். செராமைடு என்னும் இன்னொரு கொழுப்புப் பொருளையும் வேறு பலர் சுட்டினர். கொழுப்பை எரிக்கும் அடுப்பு மைட்டோகாண்ட்ரியாதானே? அது மந்தமாக இருந்தால் கொழுப்பு தேங்கும், கொழுப்பு தேங்கினால் இன்சுலினின் சொல் எடுபடாது என்று ஒரு கோவையான கதை உருவானது. 2002-இல் பிட்ஸ்பர்க்கில் டேவிட் கெல்லி குழுவினர் மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தபோது, நீரிழிவு உள்ளவர்களின் தசையில் மைட்டோகாண்ட்ரியா சிறுத்திருந்தது. நீங்கள் படித்த 2004-ஆம் ஆண்டு ஆய்வு ஷுல்மன் குழுவினுடையது. பெற்றோருக்கு நீரிழிவு இருந்து, தமக்கு இன்னும் வராத, ஒல்லியான இளைஞர்களை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். அவர்களில் இன்சுலின் எதிர்ப்பு உள்ளவர்களின் தசை, இன்சுலினுக்கு இணங்கி எடுக்கும் குளுக்கோஸ் ஏறத்தாழ 60 சதவீதம் குறைந்திருந்தது. தசைச் செல்லுக்குள் கொழுப்பு 80 சதவீதம் கூடியிருந்தது. மைட்டோகாண்ட்ரியாவின் ஆற்றல் உற்பத்தி 30 சதவீதம் குறைந்திருந்தது. நோய் வருவதற்கு முன்பே இந்தக் குறைவு தெரிந்ததால்தான் இதுவே காரணமாக இருக்கலாம் என்ற எண்ணம் வலுத்தது. உங்கள் அத்தை மகன் சொன்னதன் வேர் இங்கே இருக்கிறது. அது கற்பனை அன்று.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. முடிந்துவிட்டதாக விற்பனையாளர்கள் பேசுவதுதான் பிழை. 2007-இல் கோபன்ஹேகனில் செய்த அளவீட்டில், நீரிழிவு உள்ளவர்களின் தசையில் மைட்டோகாண்ட்ரியாவின் எண்ணிக்கை குறைந்திருந்தாலும், இருக்கிற ஒவ்வொன்றும் மற்றவர்களுடையதைப் போலவே நன்றாகச் சுவாசித்தது, அதாவது ஆக்சிஜனைப் பயன்படுத்தி வேலை செய்தது. ஆக, பழுது என்ற சொல்லே அங்கே பொருந்தவில்லை. குறைவு என்று மட்டுமே சொல்லலாம். எலிகளின் தசையில் மைட்டோகாண்ட்ரியாவின் பராமரிப்புக்கு இன்றியமையாத ஒரு மரபணுவை நீக்கி, அதை உண்மையாகவே பழுதாக்கிப் பார்த்தார்கள். அந்த எலிகளுக்கு இன்சுலின் எதிர்ப்பு வரவில்லை. மறுபுறம், கொழுப்பு மிகுந்த தீனி கொடுத்த எலிகளுக்குத் தசையில் மைட்டோகாண்ட்ரியா கூடியது; கூடவே இன்சுலின் எதிர்ப்பும் வந்தது. ஓய்வாக அமர்ந்திருக்கும் தசை தன் மைட்டோகாண்ட்ரியாவின் திறனில் மிகச் சிறிய பங்கையே பயன்படுத்துகிறது என்பதையும் எண்ணிப் பாருங்கள். திறனில் 30 சதவீதம் குறைந்தாலும், நாற்காலியில் இருப்பவருடைய கொழுப்பை எரிக்க மீதியுள்ளது தாராளமாகப் போதும். இந்த வாதத்தை அழுத்தமாக எழுதியவர் ஜான் ஹோலோஸி. உடற்பயிற்சி தசையின் மைட்டோகாண்ட்ரியாவைப் பெருக்குகிறது என்பதை 1967-இல் எலிகளை ஓடவிட்டு முதலில் காட்டியவரே அவர்தான். மைட்டோகாண்ட்ரியாவின் பெருமையை வேறு எவரையும்விட நன்றாக அறிந்த ஒருவர், அதன் குறைபாடு இன்சுலின் எதிர்ப்புக்குக் காரணம் அன்று என்று சொன்னதால், அந்தச் சொல்லை நான் மதித்துப் படித்தேன்.

நம்மைப் போன்றவர்கள் எல்லாரும் அறிய வேண்டிய ஆய்வு 2008-இல் வந்தது. அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் ஸ்ரீகுமாரன் நாயர் குழுவினர் நீரிழிவு உள்ள இந்தியர், இல்லாத இந்தியர், வட ஐரோப்பிய வம்சாவளி அமெரிக்கர் என ஒவ்வொரு பிரிவிலும் 13 பேரை, வயதும் உடல் நிறைக் குறியீடும் ஒத்திருக்கும்படி தேர்ந்தெடுத்து, தசையில் துணுக்கு எடுத்துச் சோதித்தார்கள். நீரிழிவு இல்லாத இந்தியர்களுக்குக்கூட அமெரிக்கர்களைவிட இன்சுலின் எதிர்ப்பு அதிகம் இருந்தது. ஆனால் மைட்டோகாண்ட்ரியாவின் ஆற்றல் உற்பத்தித் திறன் இந்தியர்களிடம் குறையவில்லை, மிகுந்தே இருந்தது. நீரிழிவு உள்ள இந்தியருக்கும் இல்லாத இந்தியருக்கும் இந்தத் திறனில் வேறுபாடும் தென்படவில்லை. மைட்டோகாண்ட்ரியா மந்தமானதால்தான் நம் இனத்தாருக்கு இனிப்பு நீர் அதிகம் என்று ஒருவர் சொன்னால், இந்த ஆய்வை அவர் விளக்கியே ஆக வேண்டும்.

அப்படியென்றால் தொடர்பே இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது; ஒரே திசையில் ஓடும் தொடர்பு அன்று. உடல் நலமுள்ளவருக்கு இன்சுலின் ஏற்றினால் தசை மைட்டோகாண்ட்ரியாவின் ஆற்றல் உற்பத்தி கூடுகிறது, நீரிழிவு உள்ளவருக்கு அப்படிக் கூடுவதில்லை. ஆகவே இன்சுலின் எதிர்ப்பே மைட்டோகாண்ட்ரியாவை மந்தமாக்கலாம். அசையாமல் இருப்பது இரண்டையும் ஒருசேரக் கெடுக்கிறது. உணவைக் குறைத்து மட்டும் எடை குறைத்தவர்களிடம் இன்சுலின் நன்றாக வேலை செய்யத் தொடங்கியது, தசைக் கொழுப்பும் இறங்கியது, ஆனால் மைட்டோகாண்ட்ரியாவின் திறன் கூடவில்லை என்று பிட்ஸ்பர்க் குழுவினரே 2008-இல் காட்டினார்கள். அடுப்பைத் தொடாமலே நோய் குறைகிறது என்றால் அடுப்பு மட்டுமே குற்றவாளியாக இருக்க முடியாது.

இனி அந்த மாத்திரை. மெட்ஃபார்மின் என்னும் மருந்து 1957 முதல் நீரிழிவுக்குப் பயன்பட்டு வருகிறது. உங்கள் அம்மாவும் அநேகமாக அதைத்தான் உட்கொள்வார். அது மைட்டோகாண்ட்ரியாவின் ஆற்றல் உற்பத்தித் தொடரிலுள்ள முதல் கூட்டுப்புரதத்தை மெல்லத் தடுப்பது என்பது அறியப்பட்ட ஒன்று. மைட்டோகாண்ட்ரியாவை முடுக்கினால் நோய் போகும் என்பது அவ்வளவு எளிய கணக்காக இருந்தால், அதைத் தடுக்கும் மருந்து உலகம் முழுவதும் முதல் மருந்தாக ஆகியிருக்காது. வைட்டமின் சி, இ பற்றி அதைவிட நேரடியான சான்று உண்டு. 2009-இல் ஜெர்மானிய ஆய்வாளர்கள் இளைஞர்களுக்கு நான்கு வாரம் உடற்பயிற்சி அளித்து, பாதிப் பேருக்கு அன்றாடம் 1000 மில்லிகிராம் வைட்டமின் சி-யும் 400 அலகு வைட்டமின் இ-யும் கொடுத்தார்கள். மாத்திரை உட்கொள்ளாதவர்களுக்கு இன்சுலினின் செயல் மேம்பட்டது. உட்கொண்டவர்களுக்கு மேம்படவில்லை. தசை உழைக்கும்போது மைட்டோகாண்ட்ரியாவிலிருந்து கசியும் சிறிதளவு ஆக்சிஜன் வேதிப்பொருள்களே, "இன்னும் வலுவாகு" என்று தசைக்குச் சொல்லும் தூதாக இருக்கின்றன. அதிக அளவு வைட்டமின்கள் அந்தத் தூதை வழியிலேயே துடைத்துவிடுகின்றன. நீங்கள் நடக்கத் தொடங்கும் அதே நாளில் இந்தப் பெட்டியையும் தொடங்கினால், 280 ரிங்கிட் கொடுத்து நடையின் பலனை நீங்களே குறைத்துக்கொள்வதாக ஆகலாம். பழத்திலும் கீரையிலும் உள்ள வைட்டமினைப் பற்றி நான் இப்படிச் சொல்லவில்லை.

தாய்வழி மரபைப் பற்றித் தனியே எழுதுகிறேன். அம்மாவின் கேள்விக்கு அவசரமாகப் பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.


மல்லிகா எழுதியது:

தம்பி கதிர், நான் அரசாங்கச் சுகாதார நிலையம் ஒன்றில் தாதியாக இருந்து, நீரிழிவு ஆலோசனைப் பிரிவில் பல ஆண்டுகள் பணியாற்றியவள். ஐயா அறிவியலைச் சொல்லிவிட்டார். நான் உங்கள் எண்களைப் பற்றிச் சொல்கிறேன்.

மலேசிய வழிகாட்டியின்படி ஹெச்பிஏ1சி 5.7 முதல் 6.2 வரை நீரிழிவுக்கு முந்தைய நிலை, 6.3-இலிருந்து நீரிழிவு. வெளிநாட்டு அட்டவணைகளில் 6.5 என்று பார்த்துவிட்டு, இன்னும் நிறைய இடம் இருக்கிறது என்று நம்மவர் பலர் எண்ணிக்கொள்கிறார்கள். உங்களுக்கு இடம் அவ்வளவு இல்லை. ஆசிய ஆணுக்கு இடுப்பளவு 90 சென்டிமீட்டரைத் தாண்டக்கூடாது என்பதால் உங்கள் 92 என்ற எண்ணையும் பாருங்கள். எடை சரியாக இருக்கிறதே என்பது நம் இனத்தவரைப் பொறுத்தவரை பெரிய ஆறுதல் அன்று. புனேயைச் சேர்ந்த மருத்துவர் யாஜ்னிக், தம்மையும் ஆங்கிலேய நண்பர் ஒருவரையும் அளந்து 2004-இல் வெளியிட்டார். இருவருக்கும் உடல் நிறைக் குறியீடு 22.3. ஆங்கிலேயருக்கு உடலில் கொழுப்பு 9.1 சதவீதம், இவருக்கு 21.2 சதவீதம். உங்கள் குடும்பத்தில் யாருக்காவது தலசீமியாவோ இரத்தச் சோகையோ இருந்தால், அதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். அந்நிலையில் ஹெச்பிஏ1சி தவறான எண்ணைக் காட்டலாம்.

2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி நாட்டில் வயது வந்தோரில் 18.3 சதவீதத்தினருக்கு நீரிழிவு இருந்தது; இந்தியர்களில் அது 31.4 சதவீதம். இந்த எண்ணை நான் அச்சமூட்டச் சொல்லவில்லை. இதற்கு எதிரான எண் ஒன்றும் உண்டு, அது நம்மவரிடமே கண்டறிந்தது. சென்னையில் மருத்துவர் ராமச்சந்திரன் குழுவினர், உங்களைப் போல் நோயின் விளிம்பில் இருந்த இந்தியர்களுக்கு உணவு, நடை ஆகியவற்றில் வழிகாட்டி மூன்று ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தார்கள். நோய்க்கு மாறும் வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்தது. மெட்ஃபார்மின் கொடுத்தவர்களுக்கு 26.4 சதவீதம் குறைந்தது. நடை, மருந்தின் அளவுக்கு நின்றது. பெரும் பணம் செலவழித்துச் செய்ததும் அன்று.

வாரம் 150 நிமிட நடை என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். பலர் கவனிக்காத பாதி, இரண்டு நாள்களுக்கு மேல் தொடர்ந்து விடுபடக் கூடாது என்பது. உழைத்த தசை இன்சுலினுக்கு நன்றாக இணங்குவது ஓரிரு நாளே நீடிக்கும். ஆகவே ஞாயிற்றுக்கிழமை தித்திவங்சா ஏரியை நான்கு சுற்று சுற்றிவிட்டு வாரம் முழுவதும் அமர்ந்திருப்பது போதாது. உங்கள் அலுவலகத்திலிருந்து புக்கிட் பிந்தாங் வரை கூரையும் குளிரூட்டியும் உள்ள நடைபாலம் இருக்கிறதே. மழையையும் வெயிலையும் காரணம் காட்ட முடியாது. மதிய உணவு முடிந்ததும் பதினைந்து நிமிடம் அதில் நடந்து திரும்புங்கள். சாப்பிட்ட உடனே ஏறும் சர்க்கரையைத் தசை அப்போதே வாங்கிக்கொள்ளும். வாரம் இருமுறையேனும் தசைக்குப் பளு கொடுக்கும் பயிற்சியும் வேண்டும். நாற்காலியில் அமர்ந்து எழுவதில்கூடத் தொடங்கலாம்.

அம்மாவை உங்களுடன் நடக்க அழைத்துச் செல்வதாக இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். அவர் கிளிக்ளசைடு போன்ற மாத்திரையோ இன்சுலினோ பயன்படுத்தினால் நடக்கும்போது சர்க்கரை தாழ்ந்து போகலாம். மிட்டாய் ஒன்று கையில் இருக்கட்டும். பத்துமலைக்குப் போனால் நண்பகல் வெயிலில் வெறுங்காலோடு அந்த 272 படிகளில் ஏற விடாதீர்கள். பாதத்தில் உணர்வு குறைந்தவர்கள் கொப்புளம் வந்த பிறகுதான் அறிவார்கள். தைப்பூசம் முடிந்த வாரத்தில் அப்படிப்பட்ட பாதங்களுக்கு நான் மருந்திட்டிருக்கிறேன். அதிகாலையில் ஏறட்டும்.


தோட்டத்துப் பெரியவர் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு 67 வயது. பட்டர்வொர்த்தில் மகள் வீட்டில் இருக்கிறேன். ஐயா எழுதியதில் பாதி எனக்கு விளங்கியது, மீதியை என் பேத்தி விளக்கினாள். ஒரு மறுப்பையும் ஒரு கேள்வியையும் சொல்ல விரும்புகிறேன்.

கெடாவில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தேன். என் தாயார் விடியுமுன் பெரட்டுக்கு (வேலைக்கு முன் ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு) போய், நிரை முழுவதும் நடந்து பால்மரம் வெட்டி, மறுபடி அதே நிரையை நடந்து பால் எடுத்து, காண்டா வாளியில் தோளில் சுமந்து வருவார். அவர் உடலில் கொழுப்பென்று ஒன்று இருந்ததாக எனக்கு நினைவில்லை. தோட்டத்தை விற்றார்கள், நாங்கள் பட்டணத்துக்கு வந்தோம். அடுக்குமாடி வீட்டில் அவருக்கு நடக்க இடமும் இல்லை, வேலையும் இல்லை. ஐந்தாறு ஆண்டுகளில் அவருக்கு இனிப்பு நீர் என்றார்கள். எனக்கும் காவலாளி வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் வந்தது. ஆகவே மரபணு, மைட்டோகாண்ட்ரியா என்றெல்லாம் ஆராய்வதைவிட எங்களை உட்கார வைத்ததுதான் காரணம் என்று சொல்லிவிட்டால் என்ன? இது என் மறுப்பு. என் கேள்வி: இத்தனை ஆண்டு உட்கார்ந்த தசையை இந்த வயதில் எழுப்ப முடியுமா, அல்லது நான் காலம் கடந்து கேட்கிறேனா?


தண்ணீர்மலைக்காரர் எழுதியது:

பெரியவருக்கு வணக்கம். உங்கள் மறுப்பை நான் மறுக்கப் போவதில்லை. நலமுள்ள இளைஞர்களைச் சில நாள்கள் படுக்கையிலேயே கிடக்கச் செய்தாலும் அவர்களுடைய தசை இன்சுலினுக்கு இணங்க மறுக்கத் தொடங்குகிறது என்பது பலமுறை உறுதியான செய்தி. மரபணு அந்தச் சில நாளில் மாறுவதில்லை. ஆனால் உங்கள் தோட்டத்திலிருந்து வந்து அதே அடுக்குமாடியில் அமர்ந்தவர்களில் ஒருவருக்கு ஐந்தாண்டில் வந்ததும், இன்னொருவருக்கு வராமலே போனதும் ஏன் என்று கேட்கும்போது மரபு உள்ளே வருகிறது.

உங்கள் கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்ல, அவ்வளவு இனிமையில்லாத ஓர் ஆய்வையும் சொல்லியாக வேண்டும். மேயோவில் 2003-இல், 21 முதல் 87 வயது வரையுள்ள நீரிழிவு இல்லாதவர்களுக்குப் பதினாறு வாரம் மிதிவண்டிப் பயிற்சி கொடுத்தார்கள். எல்லா வயதினருக்கும் தசை மைட்டோகாண்ட்ரியாவின் நொதிகள் நன்றாகக் கூடின. முதியவர்களும் விலக்கில்லை. ஆகவே உங்கள் தசை தூங்குகிறதே தவிர சாகவில்லை. ஆனால் அதே பயிற்சியால் இன்சுலினின் செயல் மேம்பட்டது இளையவர்களுக்கு மட்டுமே; நடு வயதினருக்கும் முதியவர்களுக்கும் அவ்வாறு மேம்படவில்லை. மைட்டோகாண்ட்ரியாவும் இன்சுலினும் கைகோத்தே நடப்பதில்லை என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

இதைப் படித்து நீங்கள் சோர்ந்துவிடக் கூடாது என்பதற்காக, முன்பு விட்டுவிட்ட ஒன்றை இப்போது எழுதுகிறேன். படகுகளுக்கு இன்சுலின் மட்டும் உத்தரவிடுவதில்லை. தசை சுருங்கும்போது அதன் ஆற்றல் செலவாகிறது. அந்தச் செலவை ஏ.எம்.பி.கே. போன்ற புரதங்கள் உணர்ந்துகொள்கின்றன. சுருக்கத்தின்போது வெளியாகும் கால்சியமும் சேர்ந்துகொள்கிறது. அவை இன்சுலினின் தொடரைத் தொடாமலே, வேறு வழியாக, அதே குளுட் 4 படகுகளை விளிம்புக்கு அனுப்புகின்றன. இன்சுலின் எதிர்ப்பு உள்ளவரிடமும், பல ஆண்டு நீரிழிவு உள்ளவரிடமும் இந்த இரண்டாவது வழி பெரும்பாலும் கெடாமல் இருக்கிறது. நீங்கள் நடக்கும்போது உங்கள் தொடையும் கெண்டைக்காலும் இன்சுலினைக் கேட்காமலே சர்க்கரையை வாங்கிக்கொள்கின்றன. பதினாறு வாரம் காத்திருக்கத் தேவையில்லை. அது இன்றைய நடைக்கு இன்றே நடப்பது. உங்கள் தாயார் நிரையில் நடந்த ஒவ்வொரு நாளும் அந்த வழி திறந்திருந்தது.

கதிர், நீங்கள் இளையவர். உங்களுக்கு இரண்டு வழியும் உண்டு. நீரிழிவு உள்ளவர்களின் பிள்ளைகளை, உங்களைப் போன்றவர்களையே, யேலில் ஆறு வாரம் படி ஏறும் கருவியில் பயிற்சி செய்ய வைத்து 1996-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அவர்களுடைய தசை இன்சுலினுக்கு இணங்குவது தெளிவாக மேம்பட்டது. எங்கள் தண்ணீர்மலைக் கோயிலுக்கு 513 படிகள். பினாங்குக்கு வந்தால் சொல்லுங்கள், சேர்ந்து ஏறுவோம்.

இப்போது உங்கள் அம்மாவின் கேள்வி. மைட்டோகாண்ட்ரியாவுக்கென்று தனி டி.என்.ஏ. உண்டு, அது தாயிடமிருந்தே வருகிறது என்பது உண்மை. ஆனால் அதில் இருப்பவை 37 மரபணுக்கள். அவை உருவாக்கும் புரதங்கள் 13 மட்டுமே. மைட்டோகாண்ட்ரியா இயங்கத் தேவையான புரதங்களோ ஆயிரத்துக்கும் மேல். அவற்றில் மற்ற அனைத்துக்குமான கட்டளை செல்லின் உட்கருவில் இருக்கிறது; உட்கருவின் மரபணுக்கள் தாயிடமிருந்து பாதி, தந்தையிடமிருந்து பாதி. "மைட்டோகாண்ட்ரியா தாயுடையது" என்பதே முக்கால் பங்குக்கும் மேல் பிழை. மேலும், சாதாரண இரண்டாம் வகை நீரிழிவுக்கு வழிவிடும் மரபணு வேறுபாடுகள் நூற்றுக்கணக்கில் உட்கருவில் சிதறிக் கிடக்கின்றன. ஒவ்வொன்றின் பங்கும் சிறிது. அப்பாவுக்கு நோய் வரவில்லை என்பதால் அவரிடமிருந்து உங்களுக்கு எதுவும் வரவில்லை என்று பொருளாகாது. தாய்வழி மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ.-யில் ஏற்படும் ஒரு மாற்றத்தால் வரும் நீரிழிவும் இருக்கிறது, 1992-இல் கண்டறிந்தார்கள். அது அரிது, காது கேளாமையும் சேர்ந்து வரும். அதிலும்கூட முதலில் தளர்வது கணையம். தசையின் இன்சுலின் எதிர்ப்பு அன்று. உங்கள் அத்தை மகன் இரண்டு வேறு நோய்களின் கதைகளை ஒன்றாக முடிந்துவிட்டார்.


செந்தூல் கதிர் எழுதியது:

ஐயாவுக்கும் மல்லிகா அம்மாவுக்கும் பெரியவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்றிரவு எல்லாவற்றையும் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். 37, 13 என்ற எண்களை இரண்டு முறை கேட்டார். பிறகு அப்பாவைப் பார்த்து, "உங்களுக்கும் பங்கு இருக்கிறது" என்றார். பல நாள்களுக்குப் பிறகு முகத்தில் தெளிவு இருந்தது. மாத்திரைப் பெட்டியைப் பிரிக்காமல் அத்தை மகனிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன். ஐயா எழுதிய ஜெர்மானிய ஆய்வைப் பற்றியும் அவரிடம் பொறுமையாகச் சொன்னேன்.

அம்மா ஒன்றை மட்டும் கேட்கச் சொன்னார். என் பாட்டிக்குக் கடைசிக் காலத்தில் காது கேட்காது. அப்போது அவருக்கு எழுபதைத் தாண்டியிருந்தது. ஐயா சொன்ன அந்த அரிய வகை எங்கள் குடும்பத்தில் இருக்க வாய்ப்புண்டா?


மல்லிகா எழுதியது:

தம்பி, எழுபது வயதுக்கு மேல் காது மங்குவது பலருக்கும் நேர்வது. அதை வைத்து இந்த முடிவுக்கு வர முடியாது. அந்த வகையில் காது கேளாமை பெரும்பாலும் இளமையிலோ நடு வயதிலோ தொடங்கும், இரு காதிலும் வரும். தாய்வழி உறவினர் பலரிடம் நீரிழிவும் காது மந்தமும் சேர்ந்தே காணப்படும். உங்கள் அம்மாவுக்கும் தாய்மாமாவுக்கும் நாற்பது, ஐம்பது வயதில் காது நன்றாகக் கேட்டதா என்று அம்மாவிடம் கேளுங்கள். கேட்டது என்றால் இதைப் பற்றி எண்ண வேண்டியதில்லை. இல்லை என்றால் அம்மாவின் அடுத்த மருத்துவச் சந்திப்பில் அதைச் சொல்லுங்கள். இரத்தத்தையோ சிறுநீரையோ வைத்து அந்த மாற்றத்தைச் சோதிக்க வழி இருக்கிறது. அது உறுதியானால் மெட்ஃபார்மினைத் தொடரலாமா என்பதையும் மருத்துவர் மறுபடி பார்ப்பார், ஆகவே விட்டுவிடாமல் கேளுங்கள். உங்கள் ஹெச்பிஏ1சி-யை மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் போதும். அதற்கு முன் பார்த்தால் நீங்கள் நடந்த நடை அந்த எண்ணில் முழுமையாகத் தெரியாது.